கராஜில் இருந்த டம்ளர்

பிப். 2, திங்கள்

காலையிலிருந்து பனி. வாசல் படி தெரியவில்லை. சர்க்கரை மாத்திரை போட்டாச்சு. கறிவேப்பிலைத் தொட்டியை ஜன்னலோரம் நகர்த்த வேண்டும், இலை கொட்டுகிறது.

அனுவுக்குப் பள்ளிக்கூடத்தில் கட்டுரை. நூற்றைம்பது வருஷத்துக்கும் முந்தி இந்த நாட்டு வெள்ளைக்காரர்கள் அடிமைகளைப் பற்றி எழுதின கதைகள். பதினோராம் வகுப்பிலேயே எவ்வளவு படிக்கிறாள். நான் ஐந்தாவதோடு நின்றவள். என் பேத்தி என்று சொல்லும்போதே நெஞ்சு நிமிர்கிறது.

சாயங்காலம் தலைக்கு எண்ணெய் வைக்கையில் ஒரு கதை சொன்னாள், பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். பெரிய வீட்டம்மா ஒருத்தி. சமையல்கட்டு அடிமையின் மகளைச் சொந்தப் பிள்ளை மாதிரி வளர்க்கிறாள். காய்ச்சலில் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறாள். அப்புறம் தன் மகள் கல்யாணத்துக்கு அந்தப் பெண்ணையே சீராகக் கொடுத்து அனுப்பிவிடுகிறாள். பெற்றவள் அடுப்படியிலேயே நிற்கிறாள்.

அழுதுவிட்டேன்.

"அந்தம்மா நல்லவதான் சாமி, காலம் அப்படி" என்றேன்.

"அப்ப இதைப் படிச்சவங்களும் அழுதாங்க அப்பத்தா. அழுதுட்டு டின்னருக்குப் போனாங்க. யாரு குக் பண்ணா?"

வாயாடி. தலையில் ஒரு குட்டு வைத்தேன். சிரித்தாள்.

பிப். 5, வியாழன்

பனி நின்றது, குளிர் போகவில்லை. ரோசா வந்தாள், வாராவாரம் வீடு துடைக்கிறவள். தெற்கே ஏதோ நாடு. மருமகள் கவிதாவுக்கு மட்டும் அவள் பாஷை கொஞ்சம் தெரியும். சுடச்சுட தோசை இரண்டு, காகிதத் தட்டில். காபி அவள் டம்ளரில். அது கார் நிற்கும் கராஜில், துடைப்பத்துக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கும். குடித்துக் கழுவி அவளே வைத்துவிடுவாள். எங்கள் வீட்டில் வேலைக்கு வருகிறவர்களுக்கு எப்போதும் தனி டம்ளர்தான். அதில் யோசிக்க என்ன இருக்கிறது.

அனுவுக்கு அரை நாள் லீவு. கராஜ் வழியாக வந்தாள்.

"ஏன் ரோசா ஆன்ட்டி கராஜ்ல நின்னு குடிக்கறாங்க? ஃப்ரீஸிங்கா இருக்கு."

"அவளுக்கு அங்கதான் பிடிக்கும் கண்ணு."

"நீங்க கேட்டீங்களா?"

"எந்த பாஷைல கேக்கறது?"

ரோசா போனதும் அந்த டம்ளரை எடுத்து வந்து தனக்குப் பால் ஊற்றிக்கொண்டாள். எனக்கு என்ன வந்ததோ, "அதுல குடிக்காத!" என்று பிடுங்கிவிட்டேன். பால் தரையெல்லாம்.

என்னையே பார்த்தாள். "ஓ" என்றாள். அவ்வளவுதான். துடைக்கக் குனிந்தேன், விடவில்லை. அவளே துடைத்தாள்.

பிப். 6, வெள்ளி

அனு பேசவில்லை. தோசை ஊற்றி வைத்தேன், பிரெட் தின்றுவிட்டுப் போனாள். முழங்கால் வலி.

மகன் செந்தில்: "விடும்மா, சின்னப் புள்ள. ரெண்டு நாள்ல சரியாயிடுவா."

கவிதா: "அந்த டம்ளரை நான் எப்பவோ பாத்துட்டேனுங்க அத்தை. சொன்னா கோச்சுக்குவீங்கன்னு விட்டுட்டேன்."

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. சொல்ல ஒருத்தரும் இல்லை.

பிப். 8, ஞாயிறு

செந்திலும் கவிதாவும் கோயிலுக்கு. அனு வரவில்லை என்றாள், நானும் போகவில்லை. அவள் மாடியில், நான் கீழே.

ஏறிப்போய்க் கதவுக்கு வெளியே நின்று, "எண்ணெய் வைக்கட்டுமா சாமி?" என்று கேட்டேன்.

"நோ தேங்க்ஸ், அப்பத்தா."

மரியாதையாகத்தான் சொன்னாள். கத்தியிருந்தால் தேவலை.

நான் யாரையும் அடித்தவள் இல்லை. வைததுகூட இல்லை. பசியோடு யாரையும் அனுப்பினதில்லை. அந்தப் பெரிய வீட்டம்மாவும் இதையேதான் சொல்லியிருப்பாள் என்று தோன்றிவிட்டது. இந்த வயதில் அழுவதும் கஷ்டம், மூச்சு வாங்குகிறது.

பிப். 12, வியாழன்

வெயில். கடலைச் சட்னி அரைத்தேன். பழைய டம்ளரைக் குப்பையில் போட்டாச்சு. மேஜையைத் துடைத்து, பீங்கான் தட்டு, நாங்கள் குடிக்கிற டம்ளர். ரோசா வந்ததும் கையைப் பிடித்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, "சிட், சிட்" என்றேன்.

நுனியில் உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. தோசையைத் தொடவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. போனில் கவிதாவைக் கூப்பிட்டுப் படபடவென்று ஏதோ பேசி, போனை என்னிடம் நீட்டினாள்.

"அத்தை, என்ன பண்ணீங்க? இன்னிக்குத்தான் கடைசி நாளான்னு கேக்கறாங்க. முன்னாடி ஒரு வீட்டுல இப்படித்தான் உக்கார வெச்சு சாப்பாடு போட்டு, வேலைய விட்டு நிறுத்துனாங்களாம்."

"இல்ல, இல்ல. நோ, நோ." தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். கவிதாவும் எடுத்துச் சொன்னாள். ரோசா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். என் கையைத் தட்டிக்கொடுத்தாள், பாவம், என்னைத் தேற்றுகிற மாதிரி. பிறகு தட்டையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போய், நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

மூன்றரைக்கு அனுவின் பஸ் வரும். வந்ததும் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து காத்திருந்தேன். என்னத்தைச் சொல்ல.