ஆளுக்கொரு காது

முந்தாநாள் பலேர்மோ ஆஸ்பத்திரியில் ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் என்னை இருத்தி, இரண்டு காதையும் மூடி ஹெட்போன் மாட்டிவிட்டார்கள். அந்த ரப்பர் காதில் பட்டதும் என் கை தன்பாட்டில் எழும்பி, இடப்பக்கத்தைக் கழற்றி, வலப்பக்கம் நீட்டியது. பஸ்ஸில் போல அங்கே நீர் இருக்கவில்லை, சுவர்தான் இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் பதறி எழும்பி, கழற்றக் கூடாது என்று விரலை ஆட்டினாள். நீர் பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்.

சத்தம் கேட்டால் ஒரு பொத்தானை அமத்தவேண்டும். இடது காதுக்கு எல்லாம் கேட்டது. பிறகு வலது காதுக்கு மாற்றினார்கள். காத்திருந்தேன். ஒன்றுமே வரவில்லை. அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்தில், கேளாமலே நாலைந்து தரம் அமத்திவிட்டேன். பரீட்சையில் தெரியாத கேள்விக்கும் எதையாவது எழுதிவைப்பேனே, அதே புத்திதான். யாரை ஏமாற்றப் பார்த்தேனோ தெரியாது.

வைத்தியர் நல்ல மனிதர், ஸ்கான் படத்தைக் காட்டி ஆறுதலாகத்தான் கதைத்தார். காது நரம்பில் ஒரு கட்டியாம். கெட்ட கட்டி இல்லையாம். ஆனால் வளர்கிறதாம், எடுக்கவேண்டுமாம், எடுத்தால் வலது காது திரும்பி வராதாம். இவ்வளவையும் நான் தலையாட்டிக் கேட்டேன். கடைசியில் என் கையைத் தட்டி, சிரித்தபடி இத்தாலிய மொழியில் ஒரு வசனம் சொன்னார்: "சிஞ்ஞோரா, நோன் சென்திரா நியென்த்தே." நீங்கள் ஒன்றையும் கேட்கமாட்டீர்கள்! இரண்டு காதும் போகப்போகிறது, அதை இந்த மனிதர் சிரித்துக்கொண்டு சொல்கிறாரே என்று நினைத்தேன். "கிராட்சியே" என்று நன்றி வேறு சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வியா மக்வேதா வரைக்கும் எப்படி வந்தேன் என்று தெரியாது. நடக்கிறவர்களுக்கென்று விட்ட தெருவிலும் ஸ்கூட்டர் புகுந்து வருவதுதான் உமக்குத் தெரியுமே. ஒருவன் வலப்பக்கத்தால் வந்திருக்கிறான். ஹோர்ன் அடித்தானாம். எனக்கு அது இடப்பக்கத்தில் கேட்டது, நான் வலப்பக்கம் ஒதுங்கினேன். அவன் திட்டிய திட்டு மட்டும் நன்றாகக் கேட்டது. கடைக்காரர் ஒருவர் கதிரை தந்து தண்ணீர் தந்தார். அந்தக் கதிரையில் இருந்தபோதுதான் எனக்கு உம்முடைய அந்த ஆறு பாட்டுக்காரர் ஞாபகம் வந்தார்கள். இரண்டு காதும் போனால் அவர்களும் போய்விடுவார்களே என்றுதான் முதலில் நினைத்தேன். என் பிள்ளைகளின் குரலை அதற்குப் பிறகுதான் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உம்மிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவர்களை உமக்கு அறிமுகம் செய்தது உம்முடைய அண்ணனின் றேடியோப் பெட்டி. யாழ்ப்பாணத்து வீட்டில், கொழும்பிலிருந்து வரும் ஆங்கில நிகழ்ச்சியில், அறுபதுகளில் கேட்டது. அமெரிக்காவில் எங்கோ வெயில் கூடிய பக்கத்து ஆட்கள், நாலு ஆண்கள், இரண்டு பெண்கள். பாட்டெல்லாம் வெயில், பலூன், பட்டம், ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஒரேயொரு பாட்டு கொஞ்சம் ஓடியது. மிச்சத்தை ஒருவரும் சீண்டவில்லை. பிறகு வந்தவர்கள் அவர்களை வெறும் இனிப்பு, முட்டாசுக் கடை என்று ஒதுக்கிவிட்டார்கள். உம்முடைய மகனே சொல்லுவான், "அம்மா, இது ஐஸ்கிறீம் வான் பாட்டு" என்று. நீர் விடமாட்டீர். "உலகத்துக்குக் காது இல்லையடா" என்பீர்.

நான் கேட்காமலே எனக்கு விளக்கம் தந்தீர். "தனித்தனியாப் பாத்தா ஆறு பேரும் சாதாரண ஆக்களப்பா. ஒருத்தருக்கும் பெரிய குரல் கிடையாது. ஆனா ஆறு பேரும் சேந்தா, ஏழாவதா ஒரு ஆள் வந்து நிக்கும். அந்த ஆளைத்தான் நான் கேக்கிறனான்." சேர்ந்து பாடுவதென்றால் எல்லோரும் ஒரே சுருதியில் ஒரே சங்கதியைப் பாடுவது என்று கோயில் பஜனையில் பழகிய எனக்கு, ஆளுக்கொரு பக்கம் போய்ச் சேர்ந்து பாடுவது எப்படி என்று விளங்கவேயில்லை.

நாங்கள் குடியிருந்த சீசாப் பகுதியிலிருந்து வேலைக்குப் போகும் காலை பஸ்ஸில் நீர் சன்னல் பக்கம், நான் உமக்கு இடப்பக்கம். எப்போதும் அப்படித்தான். தெருவில் நடந்தாலும் என்னை இழுத்து இடப்பக்கம் விடுவீர். உமக்குச் சன்னல் ஆசை, நடப்பதில் ஏதோ சாத்திரம் என்று நினைத்தேன். ஃபோனிலிருந்து வரும் வயரில் ஒரு முனை உம்முடைய இடது காதில், மறு முனை என் வலது காதில். தலையைத் தலையோடு முட்டிக்கொண்டு துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும் வரைக்கும் பாட்டுக் கேட்போம்.

"என்ன மாதிரி?" என்று முதல் நாள் ஆவலோடு கேட்டீர்.

"செத்தவீடு மாதிரிக் கிடக்கு."

"உமக்கென்ன விசரே? பட்டம் ஏத்துற பாட்டப்பா இது!"

"அறுந்து போனாப் பிறகு பாடினவையோ?"

அன்று முழுக்க என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை நீர். நான் பொய் சொல்லவில்லை. எனக்குக் கேட்டதில் வெயிலும் இல்லை, பட்டமும் இல்லை. இரண்டு மூன்று குரல்கள் சொல்லில்லாமல், ஆ என்றும் ஊ என்றும், இருட்டில் படி இறங்குகிறவர்கள் மாதிரிக் கீழே கீழே போய்க்கொண்டிருந்தன. எனக்கு அது பிடித்திருந்தது. லிஃப்டுக்குப் பயம், பொலிஸ் குவெஸ்தூராவில் வதிவிடப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கும் வரிசைக்குப் பயம், வேலை வீட்டுச் சிஞ்ஞோராவின் பீங்கானுக்குப் பயம் என்று வாழ்கிறவளுக்கு அந்தக் குரல்கள் சொந்தக்காரர் மாதிரி இருந்தன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நீர் சொல்லுவீர். அரண்டவள் காதுக்குப் பாட்டெல்லாம் ஒப்பாரி என்று அன்றைக்கு அதையும் மாற்றிவிட்டீர்.

பிறகு சிஞ்ஞோரா வீட்டில் ஒரே அறையில் உடுப்பு ஸ்திரி போடும்போதும் அதே வயர், அதே ஒழுங்கு. கேட்டுக் கேட்டு வாயும் திறந்துவிட்டது. நீர் கேட்டதை நீர் பாடினீர், நான் கேட்டதை நான் பாடினேன். நீர் பிழையாகப் பாடுகிறீர் என்று நானும், நான் பிழையாகப் பாடுகிறேன் என்று நீரும் ஒருவரை மற்றவர் அமத்தப் பார்த்தோம். ஒரு நாள் சிஞ்ஞோரா வாசலில் வந்து நின்று, நெஞ்சில் கைவைத்து, "அ துயே வோச்சி!" என்றார். இரண்டு குரலில்! இரண்டு பேரும் கத்துகிறோம் என்று கோபிக்கிறார் என்று நினைத்தேன். "ஸ்கூசி, சிஞ்ஞோரா, ஸ்கூசி" என்று மன்னிப்புக் கேட்டு வயரைப் பிடுங்கினேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாங்கள் மூச்சு விடவில்லை. கடைசியில் அவரே வந்து, பாட்டு ஏன் நின்றுவிட்டது, ஊரில் யாராவது தவறிவிட்டார்களா என்று விசாரித்தார்.

அந்த நாட்களில்தான் ஒருமுறை பஸ்ஸில் வயரைக் கழற்றிவிட்டுச் சொன்னீர், "சின்னனில கேட்ட மாதிரி இல்லையப்பா. என்னவோ குறையுது. வயசு போட்டுது போல." உம்முடைய முகத்தில் பயத்தை நான் கண்டது அன்றைக்குத்தான். அந்த ஏழாவது ஆள் உமக்கு வருவதில்லை என்று விளங்கியது. எனக்கு எந்த நாளும் வராத ஆளைப் பற்றி நான் என்ன சொல்ல?

நேப்பிள்ஸ் கப்பலுக்கு உம்முடைய மச்சாளை ஏற்றிவிடப் போன பின்னேரம் ஞாபகம் இருக்கிறதா? துறைமுகத்தில் கப்பல் பிந்திவிட்டது. காருக்குள் எல்லோரும் வியர்த்துக்கொண்டு இருந்தோம். மகன் உம்மைச் சமாதானப்படுத்த, ஃபோனைக் காரோடு தொடுத்து அந்தப் பட்டப் பாட்டைப் போட்டான். என்னுடைய படி இறங்கும் குரல்கள் வந்தன. அவற்றுக்கு மேலே, நான் ஒரு நாளும் கேளாத குரல்கள், வெயில் வெயில் என்று ஏறிக்கொண்டிருந்தன. நான் உம்மைத் திரும்பிப் பார்த்தேன். நீர் தலையைச் சரித்து, இடது காதை முன்னுக்கு நீட்டியபடி, ஆடாமல் இருந்தீர்.

"நிப்பாட்டு தம்பி. திருப்பி முதல்ல இருந்து போடு."

மகன்தான் விளக்கினான். "பழைய ஸ்டீரியோ, அம்மா. ஆக்களைப் பிரிச்சு விட்டிருக்கிறாங்கள். மூண்டு பேர் அங்கால, மூண்டு பேர் இஞ்சால. நீங்கள் ஆளுக்கொரு காதில கேட்டா, ஆளுக்கொரு பாட்டுத்தானே கேக்கும்?"

"ஏன், நீர் ஒரு நாளும் ரெண்டையும் போட்டுக் கேக்கேல்லையோ?" என்று நான் உம்மைக் கேட்டேன்.

"போட்டு என்ன? என்ர வலது காது சின்னனிலேயே போட்டுது. காய்ச்சலோட போனது."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் பயந்திடுவீர் எண்டுதான்."

அண்ணனின் றேடியோவில் ஒரே ஒரு ஒலிபெருக்கி. ஆறு பேரும் அதற்குள்ளால்தான் வந்தார்கள். அதனால் ஒற்றைக் காதோடு நீர் எல்லோரையும் கேட்டிருக்கிறீர். பலேர்மோவில் வயர் வந்துதான் பாதியைத் தொலைத்தீர். அது வயசின் பிழை இல்லை என்று விளங்கியதும் எப்படிச் சிரித்தீர்! காரை விட்டு இறங்கி, கப்பலுக்குக் காத்திருந்த சனத்துக்கு நடுவில் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தீர். பிறகு என் தோளில் அடித்துச் சொன்னீர், "அப்ப இவ்வளவு காலமும் எனக்குக் கீழை நிண்டு பயந்துகொண்டிருந்தது நீரோ? நல்ல வேளை நிண்டீர். கீழை அந்தப் பயம் இல்லாட்டி மேலை உள்ளவை பாடுறது வெறும் முட்டாசுதான்."

என் பயத்தைப் பற்றி யாரும் அப்படி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

போன மாரியில் நீர் நித்திரையிலேயே போய்விட்டீர். சொல்லாமல் போவது உமக்குப் பழக்கம்தானே. செத்தவீட்டில் பெண்கள் எல்லோரும் தேவாரம் பாடினார்கள். நானும் வாய் திறந்தேன், குரல் தன்பாட்டில் கீழே இறங்கிப் போய்விட்டது. பக்கத்தில் நின்றவ "சுருதி விலகுது அக்கா" என்று முழங்கையால் இடித்தா. வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தப் பாட்டுகளைத் தொடவில்லை. கப்பல் ஹோர்ன் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று தெரியாமல் போனபோதும், காது குத்துகிறது என்று சாட்டுச் சொல்லிக்கொண்டு பல மாதம் இருந்துவிட்டேன். பயந்தவளுக்கு வைத்தியரிடம் போகாமல் இருக்க ஆயிரம் காரணம்.

முந்தாநாள் கதிரை தந்த கடையிலிருந்து உம்முடைய மகனுக்குத்தான் ஃபோன் அடித்தேன். வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். வைத்தியர் சொன்ன வசனத்தை அப்படியே ஒப்புவித்தேன்.

"கால்மா, அன்ரி, பதறாதேங்கோ. சென்தீரே எண்டா கேக்கிறதும்தான், உணருறதும்தான். உங்களுக்கு மயக்க மருந்து தருவினம், நோவு தெரியாது எண்டு சொல்லியிருக்கிறார். இடது காதுக்கு ஒண்டும் நடக்காது."

இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்து எனக்குத் தெரியாத சொல்லா அது! குளிர் தெரிகிறதா என்று சிஞ்ஞோரா தினமும் அந்தச் சொல்லால்தான் கேட்டார். பயம் வந்தால் தெரிந்த மொழியும் கைவிட்டுவிடுகிறது. தெருவென்றும் பாராமல் அழுதேன். ஒரு காது மிஞ்சுகிறது என்ற சந்தோஷமும், ஒரு காது போகிறது என்ற துக்கமும் சேர்ந்து வந்தன.

நாளை காலை ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டும். உண்மையைச் சொல்கிறேன், பயமாகத்தான் இருக்கிறது. மண்டை ஓட்டைத் திறக்கிறார்கள். முகம் ஒரு பக்கம் கோணிப்போகவும் கூடும் என்று கையெழுத்து வைத்த தாளில் இருக்கிறது. கண் விழிப்பேனா என்றும் யோசிக்கிறேன். இனி நானும் எல்லோரையும் இழுத்து இடப்பக்கம் விடவேண்டும். நீர் இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் வலது செவிடு. யார் இடப்பக்கம் நிற்பது என்று மக்வேதா நடுவில் ஒருவரை ஒருவர் சுற்றி வந்திருப்போம். சீசாச் சனம் பார்த்து, இவர்களுக்கு முற்றிவிட்டது என்றிருக்கும்.

இன்றைக்கு மகன் வந்து என் பையை அடுக்கித் தந்தான். ஃபோனையும் வாங்கி நோண்டினான். "அன்ரி, இதில ஒரு செட்டிங் இருக்கு. ரெண்டு பக்கத்துப் பாட்டையும் ஒரு காதுக்கே கொண்டுவரலாம். போட்டுவிடட்டோ?"

"வேண்டாம், தம்பி. அதைத் தொடாதை."

அவனுக்கு விளங்கவில்லை. வயரில் இடப்பக்கம் வருவது உம்முடைய பாட்டு. இத்தனை வருஷம் தலையை முட்டிக்கொண்டு இருந்தும் உம்முடைய காதில் என்ன போனது என்று அந்த வயரில் நான் கேட்டதில்லை. எனக்கு மிஞ்சப்போவது அந்தப் பக்கத்துக் காதுதான். என் பக்கத்தை ஒருவரும் எனக்குப் போட்டுக் காட்டத் தேவையில்லை. அது தொண்டையில் கிடக்கிறது.

கண் விழித்ததும் இடது காதில் பட்டப் பாட்டைப் போடச் சொல்லியிருக்கிறேன். நீர் மேலே போம். நான் கீழே நின்று பாடுவேன், பயந்து பயந்துதான்.