திருப்பிக் கொடுக்காத பாட்டு

என் அருமை வாலுவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், அவருடைய வீம்பும் நோய்நொடி இல்லாமல் சுகமாகவே இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை அனுப்பிய போட்டோவில் வயலினைவிட உன் கழுத்தெலும்புதான் முதலில் கண்ணில் பட்டது.

நீ பேங்க் வேலையை உதறிவிட்டு வயலினைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய நாளிலிருந்து அவர் உன் பேச்சையே எடுப்பதில்லை, உன் போன் வந்தால் உடனே குளியலறைக் குழாயை ரிப்பேர் பார்க்கப் போய்விடுவார், அது உனக்குத் தெரிந்த கதைதான். தெரியாத கதையைக் கேள். நம் பக்கத்துத் தெரு நூலகத்தில் அட்டை வைத்திருப்பவர்கள் வீட்டிலிருந்தே இணையத்தில் இசை கேட்கலாமாம், இசை அகராதியும் பார்க்கலாமாம், எல்லாம் இலவசம். அங்கே ஏசி சரிபண்ணப் போனவர் இதைத் தெரிந்துகொண்டு வந்து, அட்டை எண்ணைப் போட்டு உள்ளே நுழையவும் பழகிவிட்டார். இப்போதெல்லாம் தன் ரிப்பேர் கடையில் பிரித்துப்போட்ட ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஹெட்போனோடுதான் உட்கார்ந்திருக்கிறார். என்ன கேட்கிறீர்கள் என்றால் செய்தி என்கிறார். செய்திக்கு யாராவது காலால் தாளம் போடுவார்களா, நீயே சொல்.

போன வாரம் புத்தகம் மாற்றப் போனபோது நூலகத்துப் பெண் என்னைப் பிடித்துக்கொண்டு சிரி சிரி என்று சிரித்தாள். நூலகத்தில் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கத்தானே வேண்டும், பாட்டும் அப்படித்தான் என்று உன் அப்பா நினைத்துக்கொண்டாராம். ஒவ்வொன்றையும் கேட்டு முடித்ததும் சட்டை மாற்றிக்கொண்டு நூலகத்துக்கே நடந்து போய், நான் கேட்டு முடிச்சுட்டேம்மா, அடுத்த ஆளுக்குக் குடுத்துடுங்க என்று சொல்லிவிட்டு வருவாராம். அவளும் ஏதோ புத்தகத்தைச் சொல்கிறார் என்று தலையாட்டி வைத்திருக்கிறாள். அப்புறம் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து, ஒண்ணை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வெச்சுக்கட்டுமா, வேற யாராவது காத்திருக்காங்களா என்று கேட்டாராம். எதை என்று அவள் பார்த்தால், அது நீ வாசிக்கிற பெரிய இசைக்குழுவின் பதிவு! யாரும் எதையும் திருப்பித் தர வேண்டாம், ஒரே நேரத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று அவள் விளக்கிச் சொன்ன பிறகுதான் மனிதருக்கு மூச்சே வந்ததாம்.

அதோடு விட்டாரா? மோட்டார் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்றவன் நான், என் பொண்ணு வயலினைக் கண்டுபிடிக்க மாட்டேனா என்று ஜம்பமாக அதில் ஓரிடத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறார். அவள் அகராதியைத் திறந்து, அதிலிருந்த ஒலித்துணுக்கைப் போட்டு, ஐயா, இது கிளாரினெட், ஊதற வாத்தியம் என்றாளாம். அதற்குள் கடைக்கு வந்த வாடிக்கையாளர் அத்தனை பேரின் காதிலும் அந்தக் கிளாரினெட்டை மாட்டி, எப்படி வாசிக்கறா பாருங்க என்று பீற்றிக்கொண்டாகிவிட்டது. இப்போது அசடு வழிந்துகொண்டு, மூக்குக் கண்ணாடியும் கையுமாக, அகராதியில் வயலின் பக்கத்தைப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்துக்கொண்டிருக்கிறார்.

நேற்று என் வாய் சும்மா இருக்கவில்லை. மத்ததெல்லாம் திருப்பிக் குடுத்தீங்களே, இதை மட்டும் ஏன் கட்டிக்கிட்டு அழறீங்க என்று சீண்டினேன். அவர் தலையைத் தூக்காமலே, இத்தனை வயலின்ல அவளோடது எதுன்னு இன்னும் தெரியலையே என்றார். நீ போனபிறகு என்னிடம் அவர் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னது இதுதான் முதல் தடவை. எனக்கு அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அகராதியில் எவ்வளவு தேடினாலும் அது கிடைக்காது வாலு, நீதான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் பண்ணாதே, கடைக்குப் பண்ணு. அங்கே ஓடி ஒளியக் குளியலறை கிடையாது. கிளாரினெட் விஷயம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, பாவம்.

உன் கையும் வில்லும் ஒருநாளும் தளராமல், மனசு நிறைய நீ நன்றாக இருக்க வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள். ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு, மறந்துவிடாதே.

உன் அம்மா

பி.கு.: என் கையெழுத்து கோணலாம், தபால்காரன் திண்டாடுவானாம் என்று சொல்லி உறையை அப்பா என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். முகவரிச் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு நான் வருவதற்குள், கதவு எண் உட்பட எல்லாவற்றையும் எழுதி முடித்திருந்தார்.