சமையலறை ஜன்னலில் கஞ்சாச் செடி

மார்க்ரீ, கேப் பிரெட்டன்
மே, ஞாயிறு மாலை

அன்புள்ள லாக்லினுக்கு,

ஆற்றில் பனிக்கட்டி உடைந்து போய்விட்டது. கூரை இந்தக் குளிர்காலத்தையும் தாங்கிவிட்டது. நானும்தான். நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டால் "ம்" என்கிறாய். அந்த ஒரு "ம்"மை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் ஓட்ட வேண்டியிருக்கிறது. அதனால்தான் எழுதிக் கேட்கிறேன். நாட்டின் அந்தக் கோடியில், உன் எண்ணெய் வயலில் குளிர் விட்டதா? முகாமில் சாப்பாடு வாயில் வைக்கும்படி இருக்கிறதா? தூக்கம் வருகிறதா?

ஈஸ்டருக்கு வருவாய் என்று நம்பிப் பெரிய பன்றித்தொடையாக வாங்கிவிட்டேன். உன் தங்கை ஃப்ளோரி பாதியை எடுத்துப் போனாள். மீதியை வறுத்து, சூப்பு வைத்து, ரொட்டிக்கு நடுவில் வைத்து, நானே தின்று தீர்த்தேன். ஓவர்டைம் கிடைக்கும்போது விடக் கூடாதுதான். குறையாகச் சொல்லவில்லை.

நண்டு ஆலையில் வேலை தொடங்கிவிட்டது. பகலெல்லாம் ஐஸ் தண்ணீரில் கை. ராத்திரி விரல் மூட்டு ஒவ்வொன்றும் தனித்தனியாக அழுகிறது. ஃப்ளோரிதான் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆடு வளர்க்கும் அடெலாரிடம் அழைத்துப் போனாள். கஞ்சாப் பூவைத் தேன்மெழுகில் காய்ச்சி அவர் ஒரு களிம்பு செய்கிறார். தடவிக்கொண்டு படுத்தேன், விடியும்வரை தூங்கினேன். மறுபடியும் கேட்கப் போனபோது கிழவர் கையை விரித்துவிட்டார். "களிம்பு கேட்டு மாசாமாசம் வந்து நிப்பியா? இந்தா, விதை. நீயே வளத்துக்கோ. வீட்டுக்கு நாலு செடி வரைக்கும் சட்டமே விடுது, நீ எதுக்கும்மா திருடி மாதிரி முழிக்கிற?" என்றார்.

ஆகவே உன் மனைவி இப்போது கஞ்சா பயிரிடுகிறாள். சிரிக்காதே.

விதைகளை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டேன். பிறகு ஈரக் காகிதத் துண்டில் மடித்து, ஒரு தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து, வெதுவெதுப்பாக இருக்கும் என்று ஃப்ரிட்ஜ் தலையில் வைத்தேன். காலையில் காபி போடுமுன் நாற்காலி போட்டு ஏறித் தட்டைத் தூக்கிப் பார்ப்பேன். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு நாள் ஒவ்வொரு விதையிலிருந்தும் எலிக்குஞ்சின் வால் போல வெள்ளையாக ஒரு நுனி. நாற்காலியில் நின்றபடியே "ஃப்ளோரி!" என்று கத்தினேன். அவள் இங்கே எங்கே இருக்கிறாள்.

வால் கீழே இருக்கும்படி, விரலின் முதல் கணு ஆழத்தில் சிறு தொட்டிகளில் நட்டிருக்கிறேன். பகலில் சமையலறை ஜன்னலிலும், இருட்டியபின் கீழ்த்தளத்தில் உன் பட்டறை மேசை விளக்கின் கீழேயும் வைக்கிறேன். விளக்கைக் கேட்காமல் எடுத்ததற்குக் கோபப்படாதே. அந்த மேசையில் விளக்கு எரிவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது. படியிலிருந்து பார்த்தால் நீ கீழே ஏதோ ரிப்பேர் செய்துகொண்டிருப்பது போல இருக்கிறது.

கையுறை போட்டுக்கொள். கர்த்தர் உன் பக்கத்தில் நிற்கட்டும்.

உன்
ரோடீனா


மார்க்ரீ
ஆகஸ்ட் கடைசி வாரம்

அன்புள்ள லாக்லின்,

ஜூன் மாதம் போனில் நீ அப்படிக் கத்தியபிறகு எழுதலாமா என்றே தெரியவில்லை. இவ்வளவு நாள் யோசித்தேன். யோசிப்பதற்குத்தான் எனக்கு நேரம் இருக்கிறதே.

நீ சொன்னது வார்த்தை பிசகாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "இங்க போதை டெஸ்டுன்னு நெனச்ச நேரத்துல மூத்திரம் புடிச்சுக் குடுன்னு நிக்கிறானுங்க. அந்தச் சனியன் அந்த வீட்ல இருக்குற வரைக்கும் நான் வாசப்படி மிதிக்க மாட்டேன்!" போனை வைத்துவிட்டாய். நம் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நீ என்னிடம் கத்தியதே கிடையாது. உன் படகு மூழ்கிப்போன அன்றுகூட முனகத்தான் செய்தாய்.

மருந்துக் கடைப் பெண்ணிடம் கேட்டேன். "புகைச்சாத்தான், தின்னாத்தான் டெஸ்ட்ல வரும். செடி பக்கத்துல நின்னா ஒண்ணும் ஆகாது. உங்க வீட்டுக்காரருக்கு யாரு சொன்னது?" என்றாள். உன்னோடு வாதாட இதை எழுதவில்லை. ஆனாலும் செடிகளை வீட்டைவிட்டு எடுத்து, கொட்டகைக்குப் பின்னால் தெற்குப் பார்த்த சுவரோரம் வைத்துவிட்டேன். வேலி அடைத்து, கதவு போட்டு, பூட்டும் போட்டாகிவிட்டது. உன் துணிமணிகளில் வாடைகூடப் படாது.

செடிகளைப் பற்றிக் கேட்க மாட்டாய். எழுதாவிட்டால் எனக்கு வேறு செய்தியும் இல்லை.

ஆரம்பத்தில் கொன்றே இருப்பேன். இலை துவண்டால் தண்ணீர், மஞ்சளானால் தண்ணீர். அடெலார் வந்து தொட்டியைத் தூக்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா ரோடீனா, இது செடியா தவளையா? வேரு மூச்சு முட்டிச் சாகுது பாரு. தொட்டியத் தூக்கு. லேசா இருந்தா ஊத்து, கனமா இருந்தா கையக் கட்டிக்கிட்டு சும்மா இரு" என்றார். சும்மா இருப்பதுதான் கஷ்டம். ஒரு உயிர் எனக்கு முன்னால் வாடி நிற்கும்போது ஒன்றும் செய்யாமல் நிற்க நான் பழகவில்லை. பழகினேன். ஒரு வாரத்தில் நிமிர்ந்துகொண்டன.

வெயிலுக்கும் மெல்லத்தான் பழக்க வேண்டுமாம். முதல் நாள் கொஞ்ச நேரம், மறுநாள் இன்னும் கொஞ்சம். இப்போது என் தோளுக்கு மேலே வளர்ந்துவிட்டன. பகல் குறையத் தொடங்கியதும் பூ வைக்கின்றன. கணுக்களில் வெள்ளை முடி வந்தால் பெண், குட்டிக் குட்டி உருண்டை வந்தால் ஆண். ஒன்றில் உருண்டைகள் இருந்தன. ஆணை விட்டுவைத்தால் மற்றதெல்லாம் விதையாகிப் பூ வீணாகிவிடும், பிடுங்கி எறி என்றார் அடெலார். பிடுங்கினேன். அன்று முழுக்க மனசு சரியில்லை. அதுவும் நான் நாற்காலியில் ஏறிப் பார்த்துப் பார்த்து முளைக்க வைத்ததுதானே.

கோயில் விருந்துக்குப் போயிருந்தேன். பிடில் வாசிப்பு நன்றாக இருந்தது. எல்லாரும் வரிசையாக வந்து, "லாக்கி எப்ப வர்றான்?" என்று கேட்டார்கள். செப்டம்பர் என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஆட வா என்று ஃப்ளோரி கையைப் பிடித்து இழுத்தாள். முழங்கால் வலி என்று சொல்லிவிட்டு, தட்டுகளை அடுக்கிக் கழுவிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து தொட்டிகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யார் யார் வந்திருந்தார்கள் என்று அவற்றிடம் சொன்னேன். பைத்தியம் பிடிக்கவில்லை, பயப்படாதே. நாக்கு துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

நீ சொன்னால் நாளைக்கே எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவேன். ஆனால் வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சொல்.

உன் வரவை எதிர்பார்க்கும்
ரோடீனா


மார்க்ரீ
அக்டோபர், நன்றித் திருநாள் முடிந்த வாரம்

என் லாக்கிக்கு,

உறையில் எழுதியிருந்த முகவரியைப் பார்த்ததுமே உனக்குப் புரிந்திருக்கும். இந்தத் தடவை கடிதம் முகாமுக்குப் போகவில்லை. நேராக உன் அறைக்கே வந்திருக்கிறது.

உன் முகாம் கூட்டாளி டூகலைத் திட்டாதே. விடுமுறைக்கு ஊர் வந்தவன் கூட்டுறவுக் கடையில் என்னைப் பார்த்து, "லாரி கழுவுற வேலை லாக்கிக்கு ஒத்துக்குச்சா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டான். "எந்த வேலை?" என்றேன். காது வரைக்கும் சிவந்துவிட்டது. வண்டியில் ஏறு என்று உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். அப்புறம்தான் வாயைத் திறந்தான்.

"ஜூன்லயே வேலை போயிடுச்சு ரோடீனா. டெஸ்ட்ல மாட்டிக்கிட்டான். தூக்கமே வரலன்னு ராத்திரில ரூம்ல தனியா உக்காந்து கஞ்சா இழுத்துக்கிட்டிருந்திருக்கான். எங்களுக்கே தெரியாது. இப்ப டவுன்ல ஒரு வீட்டுக் கீழ்த்தளத்துல தங்கியிருக்கான். உன் லெட்டரு முகாமுக்கு வரும், நான்தான் கொண்டுபோய்க் குடுப்பேன். உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்."

அவனை இறக்கிவிட்டுவிட்டு வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். முதலில் கோபம்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். இழுத்தது நீ, சனியன் என்று பேர் வாங்கியது என் செடி! ஒரு ஆணைப் பிடுங்கியதற்கு அழுதேன், இன்னொரு ஆணைப் பிடுங்கினால் என்ன என்று நினைத்தேன். பிறகு சிரிப்பு வந்தது. நாட்டின் இந்தக் கோடியில் நான் தூக்கம் வராமல் கஞ்சாக் களிம்பு தடவிக்கொண்டு கூரையைப் பார்க்கிறேன். அந்தக் கோடியில் நீ அதையே புகைத்துக்கொண்டு வேறொரு கூரையைப் பார்க்கிறாய். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. கடைத் தள்ளுவண்டிகளை எடுக்க வந்த பையன் கண்ணாடியைத் தட்டி, "ஆன்ட்டி, யாரையாச்சும் கூப்பிடவா?" என்று கேட்டான். யாரைக் கூப்பிடச் சொல்வது?

வேலை போனது எனக்குப் பெரிதில்லை. நீயும் ராத்திரியில் விழித்துக்கொண்டுதான் இருந்தாய் என்பதை ஒரு தடவை சொல்லியிருக்கலாம். "ம்" என்று சொன்ன இடத்தில், "தூக்கம் வரலடி" என்று சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் சேர்ந்து விழித்திருந்திருப்போம்.

சரி, செய்தி சொல்கிறேன்.

செப்டம்பரில் பெரும்புயல் அடித்தது. ஒரு செடியும் காற்றில் நிற்காது என்று ரேடியோவில் எச்சரிக்கை கேட்டதுமே தெரிந்துவிட்டது. தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கட்டிப்பிடித்து இழுத்து முன்னறைக்குள் கொண்டுவந்தேன். கரண்ட் போய்விட்டது. காற்று வீட்டையே பிடுங்குவது போல ஆட்டியது. செடிகளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு மெழுகுவர்த்தி. உன் ஞாபகமாகவே இருந்தது. வாசலில் இருந்த பெரிய பிர்ச் மரம் சாய்ந்துவிட்டது. கொட்டகை ஓடுகளில் கொஞ்சம் போயிற்று. வேறு சேதமில்லை.

அதற்கப்புறம் மூடுபனி விடவேயில்லை. ஒரு செடியில் பூவுக்குள்ளேயே சாம்பல் பூஞ்சை வந்து, வெளியே அழகாகவும் உள்ளே அழுகியும் இருந்தது. முழுவதையும் எரித்துவிட்டேன். மற்றவற்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்து, பூமேல் இருக்கும் பனித்துளி போன்ற பிசின் பால் நிறமானதும் வெட்டினேன். இருட்டான அறையில் தலைகீழாகத் தொங்கவிட்டு, காம்பை ஒடித்தால் டக்கென்று சத்தம் வரும்வரை காயவைத்து, ஜாடிகளில் அடைத்திருக்கிறேன். தினமும் ஒரு தடவை மூடியைத் திறந்து காற்றாட விடுகிறேன். அடெலார் ஒரு ஜாடியை முகர்ந்து பார்த்துவிட்டு, "மொதத் தடவைக்கு மோசமில்ல. என்னோடது அளவுக்கு வராது, ஆனா மோசமில்ல" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பட்டம். களிம்பும் காய்ச்சிவிட்டேன். வருஷம் முழுக்க வரும்.

துறைமுகத்தில் ஐஸ் அடிக்கும் ஆலைக்கு ஆள் தேடுகிறார்கள். ஃப்ளோரியின் வீட்டுக்காரர் உன் பேரைச் சொல்லிவைத்திருக்கிறார். அங்கே மூத்திரமெல்லாம் கேட்பதில்லையாம். முதுகு எப்படி என்றுதான் கேட்கிறார்களாம். நடந்த விஷயம் அவர்களுக்குத் தெரியாது. நீ வேலையை விட்டுவிட்டு வரப்போகிறாய் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அது பொய்யாகாது என்று நினைக்கிறேன்.

சாய்ந்த பிர்ச் மரம் இன்னும் வாசலை மறித்துக்கொண்டுதான் கிடக்கிறது. அடெலார் அறுத்துத் தருகிறேன் என்றார். வேண்டாம், வீட்டுக்கு ஆள் வருகிறது என்று சொல்லிவிட்டேன்.

நம் கேப் பிரெட்டன் சிட்னி விமான நிலையத்துக்கு நான் வண்டி கொண்டுவருகிறேன். எந்த நாள், எந்த நேரம் என்றாலும் சரி. வழியில் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். ரேடியோவைப் போட்டுக்கொண்டே வரலாம். நீ பேசுகிற அன்று பேசு, பேசாவிட்டால் வெறுமனே "ம்" சொல். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் அதுவும் போதும்.

வா லாக்கி. இந்த வீட்டு வாசலில் உன்னை யாரும் சோதித்துப் பார்க்கப் போவதில்லை.

என்றும் உன்
ரோடீனா