விற்பனைக்கு ஒரு தேங்காய்

அண்ணே,

சாத்தம் ஜெட்டியில் ஒரு தேங்காய் வாங்குவதென்று நேற்றுக் காலை எங்கள் வீட்டில் தீர்மானம் நிறைவேறியது. என் மனைவி முன்மொழிந்தாள், மகள் வழிமொழிந்தாள். நான் நடுநிலை வகித்தேன். அக்கரையில் எங்கள் பாம்பூஃப்ளாட் கடைகளில் தேங்காய் தீர்ந்துவிட்டது, விடிந்தால் பூஜை, தினமும் அந்த ஜெட்டி வழியாக ஆபீஸ் போய் வருகிறவன் நான். நீங்கள் போனதிலிருந்து அந்த மூலையில் நான் எதுவும் வாங்கியதில்லை என்பது இருவருக்கும் தெரியும். அதனால்தான் முறைப்படி தீர்மானம்.

டிக்கெட் கவுண்டருக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே, நீங்கள் நின்ற அதே இடத்தில், இப்போது ஒருவர் தேங்காய் விற்கிறார். உண்மையாகவே விற்கிறார். ஒன்றை எடுத்துக் காதருகில் ஆட்டிக் காட்டினார். உள்ளே தண்ணீர் குலுங்கியது. நீங்களும் காலையில் வந்ததும் உங்கள் தேங்காயை இப்படித்தான் ஆட்டிப் பார்த்து, "இன்னும் உசுரோட இருக்கு சார்" என்பீர்கள்.

நீங்கள் விற்றது சத்தம். கச்சல் தீவில் ரப்பர் தோட்டக் குடியிருப்பில் வளர்ந்தவர் நீங்கள். இலங்கை மலையிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்து அங்கே இறக்கிவிடப்பட்ட குடும்பம். கப்பல் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாத அந்த ஊரில், சிறு வயதில் வாயாலேயே ஹாரன் அடித்து மொத்தக் குடியிருப்பையும் கரைக்கு ஓட வைத்தீர்களாம். அன்று அப்பாவிடம் வாங்கிய அடியைத்தான் முதல் சன்மானம் என்று சொல்வீர்கள்.

சுனாமிக்குப் பிறகு தோட்டமும் இல்லை, வீடும் இல்லை. போர்ட் பிளேயருக்கு வந்து சாத்தம் ஜெட்டியில் துண்டை விரித்தீர்கள். மர ஆலையின் சங்கு, கிரேனின் முனகல், போட் ரத்து என்று ஜலதோஷக் குரலில் ஹிந்தியில் அறிவிக்கும் ஒலிபெருக்கி எல்லாம் உங்கள் தொண்டைக்குள் இருந்தன. பஜாரில் ஏன் செய்வதில்லை என்று ஒருமுறை கேட்டேன். அங்கே ஜனங்கள் நடக்கிறார்கள், ஜெட்டியில்தான் நிற்கிறார்கள் என்றீர்கள். நிற்கிற ஜனம் இல்லாமல் உங்கள் தொழில் இல்லை.

ஒருநாள் நீங்கள் வாயால் அடித்த போட் ஹாரனை நம்பி ஒரு தலைமையாசிரியர் ஓடினார். போட் வரவில்லை. அவருடைய இடது செருப்பு மட்டும் கடலுக்குப் போயிற்று. அவர் புகார் எழுதிக் கொடுத்தார். அதுவரை உங்களைக் கவனிக்காமல் இருந்த சட்டம் அன்றைக்குக் கண் திறந்தது.

போலீஸ் ஸ்டேஷனுக்கு உங்களுக்குத் துணையாக வந்தேன். என்னுடைய ஹிந்தி ஆபீஸ் ஹிந்தி, அதனால் உதவும் என்று நினைத்தீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள், அங்கே என்ன செய்கிறாய் என்று அதிகாரி கேட்டார். நீங்கள் நிமிர்ந்து நின்று, "தமாஷா கர்தா ஹூ, சாப்" என்றீர்கள்.

நமக்குத் தமாஷ் என்றால் சிரிக்கிற விஷயம். அவர்களுக்குத் தமாஷா என்றால் வேடிக்கை காட்டுவதும் உண்டு, நடுத்தெருவில் ரகளை செய்வதும் உண்டு. எந்தப் பொருளில் எடுத்துக்கொள்வது என்று அதிகாரி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எழுதுகிறவர் பக்கம் திரும்பி, ஒப்புக்கொண்டான், எழுது என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்தவர். சட்டத்தில் உங்களுக்கு ஓர் இடம் தேடி உண்மையாகவே பாடுபட்டார். நிகழ்ச்சி என்றால் அரங்கம் வேண்டும். ஒலிபெருக்கிக்கு அனுமதி உண்டு, உங்களிடம் வாய்தான் இருக்கிறது. ஊர்வலத்துக்கு அனுமதி உண்டு, நீங்கள் நின்ற இடத்தை விட்டு நகர்வதில்லை. துண்டு விரித்தால் பிச்சை, அது கூடாது. நடைபாதை வியாபாரம் செய்யலாம், ஆனால் விற்க ஒன்றும் இல்லை. உங்களுக்கு எதிராகச் சொல்லவும் உங்களுக்காகச் சொல்லவும் சட்டத்துக்கு வார்த்தை போதவில்லை. அப்படியென்றால் நாளையிலிருந்து வராதே என்றார்.

கதவருகே நின்ற வங்காளி கான்ஸ்டபிள், ஜெட்டியில் சீருடையோடு நின்று உங்களுக்கு முதல் ஆளாகக் கைதட்டுகிறவர், மெதுவாகச் சொன்னார். "சாப், இஸ்கோ குச் பேச்னே போல் தோ." எதையாவது விற்கச் சொல்லிவிடுங்கள் ஐயா.

எதை என்று கேட்டார் அதிகாரி. கான்ஸ்டபிளுக்குத் தேங்காய்தான் தோன்றியது. காசு போட்டவன் தேங்காயை எடுத்துக்கொள்ளாமல் போனால் என்ன செய்வது என்று நான் கேட்டு வைத்தேன். பொருளை எடுக்க மறப்பது பொதுமக்களின் கவனக்குறைவு, அதற்குப் போலீஸ் பொறுப்பாகாது என்றார் அதிகாரி. செருப்பை மறக்காமல் இன்னொரு நிபந்தனையும் போட்டார். ஹாரன் அடிக்கும் முன் வலது கையை உயரத் தூக்க வேண்டும். கை மேலே இருந்தால் போட் இல்லை.

அப்படித்தான் நீங்கள் தேங்காய் வியாபாரி ஆனீர்கள். வியாபார அட்டையும் கிடைத்தது. ரோந்து வரும் கான்ஸ்டபிள் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "நாரியல் பிகா?" என்று, தேங்காய் விற்றதா என விசாரிப்பார். "நஹி பிகா, சாப்" என்பீர்கள். மார்க்கெட் டவுன் என்று சொல்லிவிட்டு அவர் நகர்வார். தேங்காய் காய்ந்தால் வீட்டுக்குப் போகும், வேறொன்று வரும். ஹாரன் கேட்டால் ஜனங்கள் முதலில் உங்கள் மூலையைப் பார்த்தார்கள். கை தெரியாவிட்டால்தான் ஓடினார்கள். உங்களுக்கு அதில் பெருமை. "என்னைய கேட்டுட்டுத்தான் சார் ஜனங்க போட் ஏறுறாங்க."

அந்த அதிகாரிக்கு மாற்றல் வந்தது. அடுத்து வந்தவர் உங்கள் ஆட்டத்தை முழுக்கப் பார்த்தார், விலை கேட்டார், தேங்காயை வாங்கிக்கொண்டார். ஸ்டாக் தீர்ந்துவிட்டது, கடையை மூடு என்றார். நியாயமான விலைதான் கொடுத்தார். நீங்கள் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தீர்கள்.

"வித்துப் போச்சு சார். இனி நான் யாரு?"

மறுநாள் காலை, டியூட்டி இல்லாத அந்தக் கான்ஸ்டபிள் லுங்கியோடு வந்து ஒரு சாக்கை உங்கள் மூலையில் இறக்கினார். அவர் வீட்டு மரத்துக் காய்கள். ஸ்டாக் என்று மட்டும் சொன்னார். பிற்பகல் புது அதிகாரி வந்தார். சாக்கைப் பார்த்தார், சாக்கு முழுவதற்கும் ஆகும் விலையை மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார், போய்விட்டார். அன்று நீங்கள் அடித்த ஹாரன் அக்கரைக்கே கேட்டிருக்கும்.

கடைசியில் மூச்சுதான் உங்களைக் கைவிட்டது. இறப்பைப் பதிவு செய்யப் போனவன் நான். தொழில் என்ன என்று கேட்டார்கள். கலைஞர் என்றேன். அத்தாட்சி கேட்டார்கள். என்னிடம் இருந்தது அந்த வியாபார அட்டை. தொழில், தேங்காய் வியாபாரம் என்று எழுதினார்கள், எழுத்துப்பிழை இல்லாமல். பிறகு உங்கள் மூலை காலியிடமாக அறிவிக்கப்பட்டு, தேங்காய் வியாபாரியின் இடம் என்பதால் இன்னொரு தேங்காய் வியாபாரிக்கே ஒதுக்கப்பட்டது. விதிப்படி சரிதான். இவரும் நல்ல மனிதர். உங்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

நேற்றுக் காயைப் பைக்குள் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு போய் நின்றேன். பை கனத்தது. ஹாரன் கேட்டது. புதியவர்கள் ஓடினார்கள். பழைய ஆட்கள் நாங்கள் நாலைந்து பேர் ஓடவில்லை; எங்கள் தலைகள் தானாக அந்த மூலைக்குத் திரும்பின. ஜெட்டி வாசலில் நின்ற அந்தக் கான்ஸ்டபிளும் திரும்பினார். அவருக்கு மீசை நரைத்துவிட்டது அண்ணே. இத்தனை பேர் ஒன்றாகப் பார்த்ததும், வாங்கத்தான் பார்க்கிறார்கள் என்று எண்ணி, தேங்காய்க்காரர் ஒரு காயை வலது கையில் எடுத்து உயரத் தூக்கிக் காட்டினார்.

நாங்கள் நின்றோம்.

ஐந்தரை போட் போய்விட்டது. அடுத்தது ஆறரைக்கு.