நாலு இஞ்சா, ரெண்டு இஞ்சா

12 ஜூன் 2024, புதன்

இன்றைக்கும் அதே காட்சி. நான் பேங்கிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, இந்த மனுஷன் வாசலில் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறார். இரண்டு கால் மட்டும் வெளியே. "திலகா, அந்த டேப்ப எடு." தரைக்கும் வண்டி வயிற்றுக்கும் நடுவில் எத்தனை இஞ்ச் என்று அளக்கவாம். நேற்று அளந்தது ராத்திரியில் வளர்ந்திருக்குமா?

பத்தொன்பது வருஷம் குவைத்தில் இருந்தவர். வருஷத்துக்கு ஒரு மாசம் லீவில் வந்து போவார். பிப்ரவரியில் "இனிமே போகல" என்று பெட்டியோடு வந்து இறங்கினார். வந்ததும் முதல் வேலையாக இந்த இருபத்தாறு வருஷத்துப் பழைய ஜீப்பை வாங்கினார். நாலு சக்கரமும் இழுக்குமாம். புதுக்கோட்டையில் எங்கள் தெருவில் இழுக்க என்ன இருக்கிறது, தள்ளுவண்டித் தக்காளியா?

16 ஜூன், ஞாயிறு

லிஃப்ட் கிட் என்றால் என்னவென்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேனா? இல்லை. சாப்பிடும்போது, துணி காயப்போடும்போது, பேங்குக்குக் கிளம்பும்போது என்று காதில் ஊற்றிவிட்டார். சக்கரத்துக்கு மேலே வண்டியின் உடம்பை இன்னும் தூக்கி நிறுத்துகிற சாமான்கள். ஸ்பிரிங் பட்டை, ஷாக் அப்சார்பர், இன்னும் என்னென்னவோ. ரெண்டு இஞ்ச் தூக்குவதும் உண்டு, நாலு இஞ்ச் தூக்குவதும் உண்டு. இதில் எது என்பதுதான் இந்த வீட்டில் நடக்கிற பெரிய ஆராய்ச்சி.

கத்தரிக்காய் வாங்க அனுப்பினால் கடைக்காரன் அள்ளிப் போட்டதை அப்படியே கொண்டுவருகிற மனுஷர். பாதி சொத்தை. ஜீப்புக்கு மட்டும் நோட்டுப் போட்டுக் கட்டம் கட்டி எழுதுகிறார்.

கோயம்புத்தூருக்குப் போன் போட்டு ரம்யாவிடம் சொன்னேன். "அப்பாவுக்குப் பொழுது போகலம்மா, விடு." மகளுக்கு என்ன, அங்கே உட்கார்ந்துகொண்டு விடச் சொல்லலாம்.

இன்னொன்று. காலையில் ஹாலில் நின்று கேட்கிறார்: "திலகா, ஃபேனப் போடலாமா?" சொந்த வீட்டில் ஃபேன் போட அனுமதி கேட்கிற ஆம்பளையை எங்கேயாவது பார்த்ததுண்டா? எரிச்சலாக வந்தது. "ரெண்டுல வைங்க" என்றேன்.

23 ஜூன், ஞாயிறு

என் தம்பி வசந்தகுமார் வந்தான். அவனும் ஒரு ஜீப் வைத்திருக்கிறான், நாலு இஞ்ச் தூக்கியது. டைல்ஸ் கடைக்காரனுக்கு எதற்கு என்று கேட்கக் கூடாது. மாசத்துக்கு ஒரு ஞாயிறு அவனும் அவன் குரூப்பும் அன்னவாசல் பக்கம் போய் ஏதாவது சேற்றில் இறக்குவார்கள், போட்டோ எடுப்பார்கள், பிரியாணி தின்பார்கள், வண்டியைக் கழுவ ஆள் வைப்பார்கள். இதற்குப் பேர் சாகசம். அந்த உயரத்தில் ஏற அவனே கதவைப் பிடித்துத் தொங்கி ஒரு எம்பு எம்ப வேண்டியிருக்கிறது. முன்னால் வயிறு போகிறது, பின்னால் இவன் போகிறான்.

"மாமா, ரெண்டு இஞ்ச்செல்லாம் பொம்பளைங்க போடுறது. நாலு போடுங்க, கெத்தா இருக்கும்."

இவர் சிரித்தார். யார் என்ன சொன்னாலும் வருகிற அதே சிரிப்பு. குவைத்திலும் முதலாளியிடம் இப்படித்தான் சிரித்துக்கொண்டு நின்றிருப்பார் போல.

3 ஜூலை, புதன்

இன்று பிரேக் ஹோஸ் பற்றி, பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் குழாயாம். முக்கால் மணி நேரம். நான் ரசத்துக்குத் தாளித்தேன்.

14 ஜூலை, ஞாயிறு

திருச்சியில் ஒரு கடை. ஏசி, கண்ணாடிக் கதவு. விற்கிறவன் என் பக்கம் திரும்பவே இல்லை. "சார், நாலு இஞ்ச் எடுத்துக்குங்க சார், ரோட்டுல எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க."

நான் கேட்டேன்: "நாலு இஞ்ச் தூக்கினா இப்ப இருக்கிற பிரேக் ஹோஸ் நீளம் பத்துமா? சக்கரம் பள்ளத்துல தொங்கும்போது இழுத்துக்காதா?"

அவன் சிரித்தான். "மேடம், அதெல்லாம் மாட்டுறவங்க பாத்துக்குவாங்க."

பிரேக் அறுந்தால் யார் பார்த்துக்கொள்வார்கள்? படிய வாரிய தலை, டை, உள்ளே ஒன்றுமில்லை. இவர் அட்வான்ஸ் கொடுக்கப் பர்ஸை எடுத்துவிட்டார். "அளவு பாத்துட்டு வரலாம்" என்றேன். உடனே பர்ஸ் உள்ளே போய்விட்டது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசக்கூடவா தெரியாது?

வரும் வழியில் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அந்த ஹோஸ் விஷயம் ஒனக்கு எப்படித் தெரியும்?" காது இருக்கிறதே, அதனால்தான்.

27 ஜூலை, சனி

நாலாம் சனி, பேங்க் லீவு. பட்டை கட்டுகிற மலையாண்டியின் பட்டறைக்குப் போனோம். லாரிக்கும் டிராக்டருக்கும் ஸ்பிரிங் கட்டுகிறவர். எண்ணெய் ஊறிய பனியன், முக்கால்வாசிப் பல் கிடையாது. இந்த ஆளிடமா கேட்பது என்று நினைத்தேன்.

இவர் நோட்டை விரித்தார். மலையாண்டி அதைப் பார்க்கவே இல்லை. "கிட்டு கெடக்கட்டும் சார். எங்க போகணும், என்ன ஏத்தணும், மொதல்ல அதச் சொல்லுங்க."

இத்தனை மாசத்தில் இதை யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அரிமளம் தாண்டி ஓடைக்கு அங்கிட்டு மூணு ஏக்கர் கெடக்கு. பாதை கல்லும் பள்ளமும். சிமெண்ட், ஜல்லி, தண்ணி டிரம்மு கொண்டுபோகணும். ஒரு ரூம் கட்டலாம்னு."

"குடியிருக்கவா?" என்றார் மலையாண்டி.

"ஆமா."

"எத்தன பேரு?"

"நான் மட்டும்தான்."

என் கையில் டீ கிளாஸ் இருந்தது. எப்போது குடித்தேன் என்று தெரியவில்லை, காலியாக இருந்தது.

28 ஜூலை, ஞாயிறு

நான் மட்டும்தானாம்.

நேத்து வீடு வர்ற வரைக்கும் பேசல. இன்னிக்குக் காலையில கேட்டேன். அந்த முள்ளுக்காட்டுலயா? 2011ல இவரு பணம் அனுப்பி, பத்திர ஆபீசுக்கு நான் அலைஞ்சு வாங்கின காடு, அங்க ஆடு மேய்க்கிறவன்கூட நிக்க மாட்டான். அம்பத்தாறு வயசுல அங்க போய் தனியா உக்காந்து என்ன பண்ணுவீங்க, தவமா?

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை.

"இது ஒன் வீடு திலகா. தப்பாச் சொல்லல. நீ நின்னு கட்டுன, நீதான் நடத்துன. எந்த சுவிட்ச் எதுக்குன்னு எனக்கு இன்னும் தெரியல. நான் ரூமுக்குள்ள வந்தா நீ நிமிந்து பாக்குற, யாரோ வந்துட்ட மாதிரி."

"அதுக்கு?"

"அங்க எதுவும் இல்ல. அங்க எதுவும் எனக்குத் தெரியாட்டி தப்பில்ல."

கோழை. பெண்டாட்டியிடம் சொல்லத் தைரியமில்லை, பட்டறைக்காரர் கேட்டால் வாய் வருகிறது. ஒரு பொண்ணை வளர்த்து, அவர் அப்பாவுக்கு ஆஸ்பத்திரி பார்த்து, பேங்குக்கும் போய், தனியாக நின்றேனே, நான் எந்தக் காட்டுக்குப் போனேன்?

நான் என்ன பண்ணினேன்? சோறு போடலையா? துணி துவைக்கலையா?

ஃபேனைப் போடலாமா என்று கேட்டார். 'இதைக் கேக்கணுமா' என்று ஒரு வார்த்தை வரவில்லை. ரெண்டுல வைங்க என்றேன்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

பேச்சு இல்லை. சாப்பாடு, டீ, கேட் சாவி, அவ்வளவுதான்.

15 ஆகஸ்ட், வியாழன்

பேங்கில் கொடி ஏற்றிவிட்டு வந்து சொன்னேன்: "அந்தக் காட்ட எனக்குக் காட்டுங்க." எதற்காகச் சொன்னேன்? எவ்வளவு மட்டமான இடம் என்று நேரில் நின்று சொல்லத்தான். வசந்தகுமாரும் தன் உயர்ந்த வண்டியில் பின்னாலேயே வந்தான். கூப்பிடாத இடத்துக்கு வருவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

ஓடையில் இறங்கும்போது எங்கள் வண்டியின் அடி ஒரு பாறையில் 'டங்' என்று உட்கார்ந்தது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. வசந்தகுமாருக்கு ஒரே சந்தோஷம். "நான்தான் சொன்னேன்ல மாமா. இருங்க, சுத்தி வந்து இழுக்குறேன்." கரையின் சரிவில் குறுக்காக விட்டான். பாதிச் சரிவில் அவன் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மேல்பக்கத்து முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டது. "அக்கா!" என்று கத்தினான். டைல்ஸ் கடை முதலாளி, சாகசக்காரர், சின்ன வயதில் கிணற்றடியில் வழுக்கியபோது கத்தின அதே குரல்.

இவர் ஓடினார். ஓடி நான் பார்த்ததே இல்லை.

"வசந்தா, பிரேக்க விடாத. ஸ்டியரிங்க பள்ளத்துப் பக்கம் திருப்பு. மெதுவா. பயப்படாத, நான் இருக்கேன்." மேல்பக்கத்து ஃபுட்போர்டில் ஏறித் தன் கனத்தைக் கொடுத்துத் தொங்கினார். "இப்ப பிரேக்க லேசா விடு. அவ்வளவுதான்." வண்டி மூக்கைத் திருப்பி நேராக ஓடை மணலுக்குள் இறங்கி நின்றது. வசந்தகுமார் இறங்கி வந்து மரத்தடியில் உட்கார்ந்தவன் அரை மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. நல்ல மாற்றம்.

பிறகு எங்கள் வண்டிக்கு வந்தார். நாலு டயரிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கினார். ஜாக்கி போட்டுச் சக்கரத்துக்கு அடியில் கல் அடுக்கினார், ஒவ்வொன்றாகக் காலால் அசைத்துப் பார்த்து. ஏறி உட்கார்ந்து, கத்தாமல், அவசரப்படாமல், பின்னாலேயே எடுத்துவிட்டார். கைகளைப் பேண்டில் துடைத்துக்கொண்டார்.

"இதெல்லாம் எங்க படிச்சீங்க?"

"பாலைவனத்துல தண்ணி லாரிதான ஓட்டுனேன்."

டிரைவர் என்று தெரியும். ஃபாரத்தில் எல்லாம் நான்தான் எழுதுவேன், கணவர் தொழில்: டிரைவர். பத்தொன்பது வருஷத்தில் இந்த மனுஷர் வேலை செய்து நான் பார்த்ததில்லை. இன்றுதான் பார்த்தேன்.

ஓடையை நடந்து தாண்டி இடத்தைப் பார்த்தோம். மட்டமான இடம்தான். சொல்லவில்லை.

18 ஆகஸ்ட், ஞாயிறு

அவர் முடி வெட்டப் போன நேரம் ஜீப்பை அளந்தேன். காலை எடுத்து வைக்கிற இடம் தரையிலிருந்து இருபத்தைந்து இஞ்ச். நாலு சேர்த்தால் இருபத்தொன்பது. பின்பக்கம் துவைக்கிற கல்லை அளந்தால் அதுவும் சரியாக இருபத்தொன்பது. புடவையோடு ஏறிப் பார்த்தேன். முடியவில்லை. தரையில் ரெண்டு இஞ்ச் தடிமனில் ஒரு பலகையைப் போட்டு, மிச்சம் இருபத்தேழு, அதில் நின்று ஏறினேன். முட்டி முனகியது, ஆனால் ஏறிவிட்டேன்.

அடுத்த வீட்டுப் பரிமளா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்னக்கா, கல்லு மேல நிக்கிறீங்க?" என்றாள். இந்தத் தெருவில் அவளுக்கு மட்டும் வேறு வேலையே கிடையாது.

24 ஆகஸ்ட், சனி

மறுபடி மலையாண்டி பட்டறை. இவர் நோட்டை விரித்து இன்னும் யோசிக்கிறார். ஓடைப் பாறைக்கு ரெண்டு பத்துமா, நாலுதான் நல்லதா, நாலுன்னா சரிவுல சாயுதே, ஹோஸ் மாத்தணும், ஜாயிண்ட் மாத்தணும். தாங்க முடியவில்லை.

"ரெண்டு போடுங்க" என்றேன் மலையாண்டியிடம்.

இவர் திரும்பினார். "ஏன், அந்தப் பாறை?"

"பாறையக் கடப்பாரையால பேத்துக்கலாம். நாலு போட்டா என்னால ஏற முடியாது."

பட்டறையில் யாரோ இரும்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் நோட்டில் ஏதோ எழுதப் பார்த்தார், பேனாவின் மூடியைக் கழற்றாமல்.

மலையாண்டிதான் கேட்டார்: "அன்னிக்கு ஒரு ஆளுன்னீங்க. ரெண்டு ஆளுக் கனத்துக்குப் பட்டை வைக்கவா?"

"வைங்க" என்றேன். "லீவு நாள்ல மட்டும்தான். எனக்கு பேங்க் இருக்கு."

8 செப்டம்பர், ஞாயிறு

ரெண்டு இஞ்ச் போட்டு முதல் தடவை ஓடையைத் தாண்டினோம். பாறையின் உச்சியை அவர் போன வாரமே பேர்த்துவிட்டாராம். அடி தட்டவில்லை. உள்ளே உட்கார்ந்தவருக்குத்தான் இடுப்பு விட்டுப்போகிறது. புதுப் பட்டை விறைப்பாக இருக்கும், சுமை ஏற ஏறப் பழகிவிடும் என்கிறார். அவர் சொல்வதை நம்பவில்லை.

இடத்தில் நாலு முளை அடித்துக் கயிறு கட்டியிருந்தார். பத்துக்குப் பத்து ஒரே அறை. அதில் ஜன்னல் மேற்குப் பக்கம். சாயங்கால வெயில் மொத்தமும் கட்டிலில் விழும். பாலைவனத்தில் பத்தொன்பது வருஷம் காய்ந்தவருக்கு இதுகூடவா தெரியாது? இது வீடா, இல்லை தண்ணி மோட்டாருக்குக் கட்டுகிற ஷெட்டா? நின்ற இடத்திலேயே இதை எல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார்.

கிழக்குப் பக்கத்து முளை ரெண்டையும் பிடுங்கி, ஆறு தப்படி தள்ளிக் கொண்டுபோய்க் கல்லால் அடித்தேன்.

"அங்கிட்டு எதுக்கு?" என்றார்.

"எனக்கு மேஜை வேணும். கணக்கெல்லாம் மடியில வச்சு எழுத முடியாது."

கயிற்றை அவிழ்த்துச் சுற்றிப் பார்த்தார். பத்தவில்லை. ரெண்டு பேரும் ஏறி அரிமளம் போய் இன்னும் கொஞ்சம் கயிறு வாங்கிவந்தோம்.