எங்கள் பேட்டையில் யாரும் சாகவில்லை

மார்ச் 6, திங்கள்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இனி எழுதுகிறேன். பேசினால்தானே வம்பு.

துனிஸின் இந்தக் கடைக்கோடிக்கும் அரசு ஆணையம் வந்துவிட்டது. பெருந்தொற்று எந்த மக்களை அதிகம் தின்றது, ஏன் தின்றது என்று ஆராய்கிறார்களாம். அதிகம் அடிபட்ட பேட்டைக்கு மருத்துவமனை கட்டித் தருவார்களாம். நகராட்சி மண்டபத்தில் வரைபடம் ஒட்டியிருக்கிறார்கள். சாவு அதிகமென்றால் சிவப்பு. கடற்கரையோரப் பணக்காரர்களின் பகுதி சிவப்பு. எங்கள் பேட்டை வெள்ளை. சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி வெள்ளை.

அந்த ஜூலை மாதம் தெருவுக்குத் தெரு ஒப்பாரி கேட்டவன் நான். என் அண்ணன் ஹம்மாதி போனதும் அப்போதுதான்.

ஆணையத் தலைவர் நெஜிப். கல்லூரியில் இரண்டு வருடம் என் குறிப்புகளை வாங்கிப் படித்துத் தேறியவன். எனக்கு வரவேண்டிய விரிவுரையாளர் வேலை அவன் மாமனார் தயவில் அவனுக்குப் போயிற்று. நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லிக்கொடுத்தே நரைத்தேன். வரைபடத்துக்கு வெள்ளையடிக்க அவனுக்குச் சொல்லியா தரவேண்டும்?

மார்ச் 7

மண்டபத்து வாசலில் எல்லாரும் பார்க்க நெஜிப் என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். எதற்கு இத்தனை அன்பு?

மார்ச் 9

அந்த முத்தத்தின் பலன் இன்று தெரிந்தது. காபிக் கடையில் நான் உட்கார்ந்ததும் சீட்டாட்டம் நின்றது.

"வாங்க வாத்தியாரே," என்றான் கடைக்காரன் கெமைஸ். "சர்க்காருக்கு எத்தனை சர்க்கரை?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் ஆணையத்தைப் பற்றி எடுத்தேன். சாட்சி சொல்ல யாரும் போகவில்லையா என்றேன்.

"எதுக்குப் போகணும்? நம்ம பேட்டையில யாரு செத்தா?"

"உன் மாமியார் செத்தாங்களே, கெமைஸ்."

"அது நெஞ்சுவலி." காபியைத் தளும்பும்படி வைத்தான். "உங்க அண்ணனுக்கும் நெஞ்சுவலிதானே?"

குடிக்காமல் எழுந்து வந்தேன்.

மார்ச் 12

நெஜிப் கொண்டைக்கடலை லப்லபி சூப்பு சாப்பிடக் கூப்பிட்டான். என்ன கறக்கப் பார்க்கிறான் என்று தெரிந்துகொள்ளவே போனேன்.

கிண்ணத்தில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே கேட்டான்: "உங்க பேட்டைய வெள்ளையாக்கி எனக்கு என்னடா லாபம்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

"மாறவே இல்லடா நீ." போனில் நாட்டு வரைபடத்தைக் காட்டினான். "சாவு எங்க பதிவாச்சோ அந்த ஊர்க் கணக்கு. இதப் பாரு, கஸ்ரீன் மலைப்பக்கம். ஆட்டைத் தவிர ஆளே இல்லாத ஊருங்க. நாட்டுலயே இங்கதான் ரொம்பச் சிவப்பு. குடிதண்ணியில ஏதாவது கோளாறான்னு பாக்க ஆள் அனுப்பப்போறேன்."

பார்த்தேன். அவை எங்கள் ஊர்கள். கரண்டியைக் கீழே வைத்தேன்.

நாங்கள் மலையிலிருந்து பிழைக்க இறங்கி வந்தவர்கள். தலைநகரில் எத்தனை வருடம் வாழ்ந்தாலும் எங்கள் மய்யித்துகளை இந்த மண்ணில் அடக்குவதில்லை. அந்த ஜூலையில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றால் நகராட்சி ஆட்கள் குளிப்பாட்டாமல் உறையில் சுற்றி எங்கோ புதைத்தார்கள். அதனால் மூச்சு நிற்பதற்கு முன்பே ஆட்களைக் கட்டிலிலிருந்து எழுப்பிக் கொண்டுபோனோம். ஊர்விட்டு ஊர் போகத் தடை. நெரிசல் நெரிசலாய் ஆளேற்றும் லுவாஜ் வேனை எங்கள் தெரு லஸ்ஹர் ஓட்டினான். அண்ணனை நடுவில் நிமிர்த்தி உட்காரவைத்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அண்ணி. சோதனைச் சாவடியில் போலீஸ்காரன் டார்ச் அடித்துப் பார்த்தான். தூங்குகிறார் என்றேன். அப்போது தூங்கினாரா, அதற்கும் முன்னாலேயே— தெரியாது. ஊரில் நெஞ்சுவலி என்றோம். அங்கே இருந்த சுகாதார ஊழியன் முகத்தைப் பார்த்தே தொற்று என்று எழுதிவிட்டான்.

இதை நெஜிப்பிடம் சொல்லவில்லை. தெரியாமல் கேட்கிறானா, தெரிந்தே வாயைக் கிளறுகிறானா?

மார்ச் 15

சாட்சி சொல்லப்போவதாக அண்ணி மப்ரூக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு மூச்சிழுப்பு அதிகமாகத்தான் இருக்கிறது. பக்கத்து ஆஸ்பத்திரிக்கே இரண்டு பஸ் மாறவேண்டும்.

"மருத்துவமனை வந்தா உங்களுக்குத்தானே அண்ணி நல்லது."

"லஸ்ஹரப் புடிச்சு உள்ள போட்டா யாருக்கு நல்லது? உங்க அண்ணன் எங்க வச்சு மூச்ச விட்டாருன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?" மடித்த சட்டையை மறுபடி பிரித்தார். "தம்பி... கபரத் தோண்டிப் பாப்பாங்களா?"



மார்ச் 16

லஸ்ஹர் வாசலிலேயே நின்றான். உள்ளே வரவில்லை.

"அண்ணே, அன்னிக்கு உங்க அண்ணன் உக்காந்த சீட்ட நான்தான் கழுவுனேன். வெளிய ஒரு வார்த்தை வந்துச்சா?"

"இல்லை."

"அப்ப உங்க வாயிலருந்தும் வரவேணாம்."

அவனிடம் யார் சொன்னது? அண்ணியா? கெமைஸா? இந்தத் தெருவில் சுவருக்கும் காது, எனக்கு மட்டும் நாக்கில்லை.

மார்ச் 21, செவ்வாய்

விசாரணை. மண்டபம் நிறைந்திருந்தது, ஒருவரும் பேசவில்லை. நெஜிப்பின் உதவியாளன் பல்லைக் காட்டினான்: "பரவாயில்ல, உங்க பேட்டைக்கு எதிர்ப்பு சக்தி ஜாஸ்தி போல." கெமைஸ்கூடச் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை.

நான் எழுந்தேன். நெஜிப் பேனாவை மூடாமல் என்னையே பார்த்தான். முன்வரிசையில் லஸ்ஹரின் பிடரி தெரிந்தது. மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சீ.

வெளியே வரும்போது, லஸ்ஹர் இரண்டடி முன்னால் போக, நெஜிப் பக்கத்தில் வந்தான். "பேர் இல்லாம எழுதி அனுப்புனாலும் படிப்பேன்டா."

படிப்பாய். என் கையெழுத்தை உன்னைவிட யாருக்குத் தெரியும்?

மார்ச் 22

நேற்று மண்டபத்திலிருந்து வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் அண்ணிக்கு இழுப்பு முற்றிவிட்டது. உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸ் வருகிறது வருகிறது என்றார்கள். லஸ்ஹர் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான், நான் கூப்பிடவில்லை. அதே நடுச் சீட்டு. அதே மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை வண்டி மலைப்பக்கம் திரும்பவில்லை.

சாலை நெரிசலில் நிற்கும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னான்: "எழுதுங்கண்ணே. எம் பேர மட்டும் வுட்டுருங்க."

அண்ணி பிழைத்துக்கொண்டார். டாக்டர், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால், என்று ஆரம்பித்தார். மீதியை நான் கேட்கவில்லை.

மார்ச் 23, நோன்பு முதல் நாள்

அண்ணி வீட்டுக்கு வந்தாயிற்று. நோன்பு வைக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதற்கு என்னோடு சண்டை. சண்டை போடும் அளவுக்கு மூச்சு இருக்கிறது.

இந்தப் பக்கங்களைப் படித்துக் காட்டினேன். அனுப்பும் படியில் ஓட்டுநர் பெயரையும் அண்ணி பெயரையும் ஊர்ப் பெயரையும் எடுத்துவிட்டதைச் சொன்னேன்.

"ஒண்ணு சேத்துக்குங்க தம்பி. அவர நாங்களே குளிப்பாட்டி அடக்குனோம்னு எழுதுங்க."

சேர்த்துவிட்டேன்.

நெஜிப்பை இப்போதும் நம்பவில்லை. உறையில் அவன் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யலாமா என்று யோசித்தேன், செய்யவில்லை. கையாலேயே படி எடுத்திருக்கிறேன், கையெழுத்துப் போடாமல். தபால்காரர் நோன்பு திறக்க வீட்டுக்குப் போகுமுன் பெட்டியில் போட்டுவிடுவேன்.