முகட்டாருக்கு எத்தனை புள்ளி

ஜூன் 4, செவ்வாய்

கடையில் கூட்டமில்லை. இரண்டு மூக்குக்கண்ணாடி பிரேமுக்குக் கால் மாட்டினேன், ஒரு ஜோடி லென்ஸின் விளிம்பைத் தேய்த்தேன். மதியம் மச்சான் கடை வாசலைக் கடந்து போனார். தலை திரும்பவே இல்லை. அவருக்குப் பக்கவாட்டில் பார்வை போய்விட்டது என்பது எல்லாரையும்விட முதலில் எனக்குத்தான் தெரியும். ஆனால் இது அதனால் இல்லை. வாசல் எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்துகொண்டேதான் நேராகப் பார்த்து நடந்தார்.

அவர் என்னோடு பேசி நாலு மாதம் ஆகிறது. இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டிய மனிதர். பிப்ரவரியில் வருடாந்தரப் பார்வைத் தகுதிப் படிவத்தோடு வந்து, வழக்கம்போல என் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பேனாவை அவர் காதுப் பக்கத்திலிருந்து மெதுவாக முன்னால் கொண்டு வந்தேன். மூக்குக்கு நேரே வரும்வரை அவர் "தெரியுது" என்று சொல்லவில்லை. இரண்டு பக்கமும் அப்படித்தான். ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போலத்தான் அவர் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, ஒரே ஒரு டிக். இந்த வருஷம் மட்டும். டாக்டர்கிட்ட நானே போய்க்கறேன்."

போடவில்லை. டாக்டரும் அதையே சொன்னார். இப்போது டிப்போவில், பஸ்ஸில் தவறவிட்ட பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறார். குடையும் சாப்பாட்டு டப்பாவும்.

ஜூன் 9, ஞாயிறு

ஞாயிறு ஆட்டம். மூன்று பேர்தான்: நான், என் மனைவி, மருந்துக்கடைக்காரர். நாலாவது நாற்காலியை யாரும் எடுத்து வைக்கவுமில்லை, உள்ளே தள்ளவுமில்லை.

ஆட்டம் என்றால் ஒன்பது வருடமாக எங்கள் சாப்பாட்டு மேசையில் நடக்கும் கற்பனைப் பயணம். நான் கதை நடத்துகிறவன். காடு, கோட்டை, கொள்ளைக்காரன் எல்லாம் என் வாயிலிருந்து வரும். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம், ஆளுக்கொரு தாள். எதையாவது செய்ய நினைத்தால் சொல்வார்கள். நடந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். மச்சான்தான் கோடாலிக்காரர். கதவைத் திறக்கச் சொன்னால் சுவரை இடிப்பார். அவர் இல்லாமல் இன்று ஒரு கதவைத் திறக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

கிளம்பும்போது மருந்துக்கடைக்காரர் சொன்னார்: "அவர் வராததுக்கு நீங்க மட்டும் காரணமில்ல சார். கடைசியா வந்தன்னைக்குப் பகடை உருண்டு ஓடினப்ப, தேடி மேசைக்கு அடியில தலைய முட்டிக்கிட்டாரு. யாரும் பாக்கலன்னு நெனச்சாரு."

ஜூன் 11, செவ்வாய்

ஒரு யோசனை. விதிப் புத்தகத்தில் இருக்கும் இனங்கள் எதுவும் அவருக்கு ஒத்து வராது. நானே ஒன்று செய்தால் என்ன? நிலத்துக்கு அடியில் வாழ்கிறவர்கள். கண்ணே இல்லாமல் ஒலியாலும் அதிர்வாலும் எல்லாவற்றையும் அறிகிறவர்கள். குகைமாந்தர். பார்வை ஒரு பொருட்டே இல்லாத ஒரு வீரம்.

எவ்வளவு நன்றாக இருக்கிறது! லென்ஸ் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதித் தள்ளிவிட்டேன். ஒரு அம்மா இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்தேன்.

ஜூன் 13, வியாழன்

குகைமாந்தர், இதுவரை: இருட்டு அவர்களுக்குத் தடையில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது கேட்கும். பின்னாலிருந்து யாரும் தாக்க முடியாது. மனிதன் பொய் சொன்னால் இதயத் துடிப்பில் தெரிந்துவிடும். விஷம் ஏறாது (ஏன் என்று கேட்டால் பதில் இல்லை, நிலத்தடித் தண்ணீர் என்று எழுதியிருக்கிறேன்). பலவீனம்: கண் தெரியாது. ஆனால் அதுதான் தேவையே இல்லையே.

ஜூன் 16, ஞாயிறு

சோதனை. நன்மை ஒவ்வொன்றுக்கும் புள்ளி கூட்டி, பலவீனத்துக்குப் புள்ளி கழித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். புத்தகத்து இனங்கள் எல்லாம் பத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அப்படி நின்றால்தான் ஒருவர் ஆட, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கும் நிலை வராது. என்னுடையது இருபத்து மூன்று.

நம்பாமல் பொய்ச்சண்டை போட்டுப் பார்த்தோம். ஒரே ஒரு குகைமாந்தர், எதிரே மூன்று பேர். பத்துத் தடவையும் குகைமாந்தரே ஜெயித்தார். மருந்துக்கடைக்காரர் பகடையைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், ஒரு வேளைக்கு ஒரு மாத்திரை. நீங்க அட்டையோட முழுங்கச் சொல்றீங்க."

இவள் தாளை முழுக்கப் படித்தாள். அவளுக்கு அண்ணன், எனக்கு மச்சான். நடுவில் மாட்டிக்கொண்டு நாலு மாதமாக இரண்டு பக்கமும் சமாளிக்கிறாள். படித்து முடித்துவிட்டுத் தாளை மடித்தாள்.

"இது இனமா, மன்னிப்புக் கடிதமா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 17, திங்கள்

நான் தப்பே செய்யலயே. அப்புறம் எதுக்கு மன்னிப்பு?

ஜூன் 22, சனி

ஐந்து நாள் வெட்டினேன். விஷம் போனது. பொய் கண்டுபிடிப்பது போனது, மனசு வலித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பத்தடி மட்டும். புதிதாக ஒரு பலவீனம்: சத்தம் அதிகமானால் எல்லாம் குழம்பிவிடும். சந்தையில் அவர்கள் தடுமாறுவார்கள். மழை பெய்தால் கூடாரத்தை விட்டு வெளியே வரமாட்டார்கள். பத்துப் பொய்ச்சண்டையில் ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி. மொத்தம் பத்துப் புள்ளி. மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்று கைகுலுக்கினார்.

பெரிய எழுத்தில், கறுப்பு மையில், ஒரு பக்கத்துக்கு எட்டு வரி என்று எழுதி இவளிடம் கொடுத்தனுப்பினேன். அண்ணன் வீட்டுக்கு இன்று போகிறாள்.

ஜூன் 26, புதன்

பதில் இல்லை. வாங்கி அலமாரியில் வைத்தாராம்.

ஜூன் 30, ஞாயிறு

வந்தார்.

நான் கதவைத் திறந்தபோது வாசலில் நின்றுகொண்டிருந்தார், தனியாக. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். ஒரு நொடி எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை, "வாங்க மச்சான்" என்பதைக்கூட இரண்டு தடவை சொன்னேன். உட்காரவில்லை. தாள்களை மேசைமேல் வைத்தார், ஓரம் சரியாகப் பொருந்தும்படி.

"நல்லா எழுதியிருக்க. உழைச்சிருக்கன்னு தெரியுது."

"உங்களுக்காகத்தான் மச்சான்."

"அதான் வந்தேன். திங்கள்லருந்து சனி வரைக்கும் சத்தத்த வெச்சுத்தான் ரோட்டக் கடக்கறேன். ஞாயித்துக்கிழமையும் அதேதானா?" குரலை உயர்த்தவே இல்லை. "எனக்குக் கண்ணு வேணும்டா. விளையாட்டுலயாவது."

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். இவள் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள், பஸ் ஏற்றிவிட.

ஜூன் ‌30, மாலை

ஆறு வாரமா— இல்ல, மூணு வாரம். மூணு வாரமா உக்காந்து யோசிச்சு, அந்த மனுஷனுக்கு நான் என்ன குடுத்திருக்கேன்? அவரோட வியாதியையே குடுத்திருக்கேன். அதுவும் பெரிய எழுத்துல. புள்ளி போட்டு. கையெல்லாம் குலுக்கி. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, "மச்சான், உங்களுக்கு என்ன வேணும்?"னு வாயத் தொறந்து கேட்டேனா? கடைக்கு வர்றவங்கள எல்லாம் கேக்கறேனே, எழுத்து இப்படித் தெரியுதா, இப்படித் தெரியுதான்னு!

ஜூலை 4, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு டிப்போவுக்குப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மச்சான், பின்னால் குடைகள் சுவர் முழுக்கத் தொங்கின. ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய சீட்டு.

"என்ன தொலைச்ச?" என்றார்.

"ஒண்ணும் இல்ல மச்சான். ஒரு இனம் செய்யணும். என்ன தெரியணும்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

கொஞ்ச நேரம் சீட்டு எழுதினார். அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"தூரம் தெரியணும்," என்றார். "மலை மேல ஏறி நின்னா மூணு ஊரு தள்ளிப் போற வண்டி தெரியணும். மாடு எந்தப் பக்கம் ஒதுங்குதுன்னு தெரியணும்."

"அதுக்கு ஏழு புள்ளி."

"ரெண்டு பக்கமும் தெரியணும். பின்னாடி வர்றவனும் தெரியணும்."

"அது மூணு."

"மூணா? ஒரு கண்ணாடிக்கு மூணா? ஒரு பஸ்ஸுக்கு மூணு கண்ணாடி இருக்குடா!"

"மூணுதான் மச்சான். அதுலயே பத்து ஆயிடுச்சு."

"கடிவாளம் கையில இருந்தா வண்டி கவிழக் கூடாது. எவ்வளவு பள்ளமா இருந்தாலும்."

"நாலு. பதினாலு. எதையாவது எடுக்கணும்."

கன்னத்தைச் சொறிந்தார். ஒரு பெண் வந்து டிபன் டப்பா கேட்டாள், எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். திரும்பி உட்கார்ந்ததும் சொன்னார்: "கிட்டத்துப் பார்வைய எடுத்துடு. தூரத்துல பாக்கறவனுக்குக் கைக்கெட்டற தூரத்துல எல்லாம் மங்கல். படிக்க முடியாது, எதிர்ல நிக்கறவன் மூஞ்சி தெரியாது. உன் கடைக்குப் பாதிப் பேரு அதுக்குத்தானே வராங்க."

கழித்தல் நாலு. பத்து. ஒரு சண்டை கூடப் போட்டுப் பார்க்காமல், ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, கச்சிதமாக நின்றது.

நான் கிளம்பும்போது, என்னைப் பார்க்காமல் கேட்டார். "மறுபடியும் அந்தப் படிவத்தக் கொண்டு வந்தா டிக் போடுவியா?"

"மாட்டேன் மச்சான்."

"ம்." அடுத்த குடையை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

பொய் சொல்லியிருக்கலாமோ? இல்லை. அறுபது பேர் ஏறும் வண்டி.

ஜூலை 9, செவ்வாய்

அவர்களுக்கு முகட்டார் என்று பெயர் வைத்திருக்கிறேன். மலை முகட்டில் வாழ்கிறவர்கள். எதிரில் நிற்பவரின் முகம் தெரியாததால் குரலைக் கேட்டுத்தான் வணக்கம் சொல்வார்கள். அண்ணன் தம்பிகள்கூட ஒருவரையொருவர் நூறு அடி தள்ளி நின்றுதான் ஆசை தீரப் பார்த்துக்கொள்வார்கள். விதிக்கு இது தேவையில்லைதான், ஆனாலும் அடிக்கவில்லை.

குகைமாந்தரை இவள் எடுத்துக்கொண்டாள். "நல்ல இனம், வீணாக்கக் கூடாது. எனக்கு ஒட்டுக்கேக்கறது கைவந்த கலை" என்றாள்.

ஜூலை 13, சனி

மச்சானின் மனைவி போன் செய்தாள். நாளைக்கு எத்தனை மணிக்கு என்று அவர் கேட்கச் சொன்னாராம். அவர் பக்கத்திலேயே இருந்துகொண்டு "வழக்கமான நேரம்தானான்னு கேளு" என்று சொல்வது எனக்கே கேட்டது.

ஜூலை 14, ஞாயிறு

பகடை ஓடாமல் இருக்க இவள் விளிம்பு உயர்ந்த ஒரு தட்டை மேசை நடுவில் வைத்தாள். எல்லாரும் அதிலேயே போட்டோம், யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மச்சான் கோடாலி வேண்டாம் என்றுவிட்டார். வண்டியோட்டி. நாலு குதிரை பூட்டிய வண்டி. முன்னால் ஓட்டும் இருக்கையில் அவர், கூரைக்குக் கீழே குகைமாந்தராக இவள், மூட்டைகளுக்கு நடுவே தூங்கும் வைத்தியராக மருந்துக்கடைக்காரர். வழக்கமாக என்ன தெரிகிறது என்று நான்தான் சொல்வேன். வாயைத் திறந்தேன், மச்சான் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு. நான் சொல்றேன்."

சொன்னார். பாதை இடது பக்கம் இறங்கி ஆற்றை ஒட்டிப் போவதை. ஆற்றின் அந்தக் கரையில் துணி உலர்த்தியிருப்பதை. வலது பக்கம் மூன்று மரம் தள்ளி ஒரு நாய், குறுக்கே ஓடலாமா என்று யோசித்துக்கொண்டு நிற்பதை. பின்னால் ஒரு பையன் சைக்கிளில்— "சைக்கிள் இந்தக் கதையில கிடையாது" என்று மருந்துக்கடைக்காரர் ஆரம்பிக்க, இவள் அவர் காலை மிதித்தாள். இரண்டு காத தூரத்தில் பாறைக்குப் பின்னால் பதுங்கியிருந்த கொள்ளைக்காரர்களையும் அவரே பார்த்தார், அவரே பாதையைத் திருப்பினார். நான் எழுதி வைத்திருந்த சண்டை முழுக்க வீண். வருத்தமே இல்லை.

அப்புறம் மழை. சுங்கச்சாவடி. சாவடிக்காரன் வண்டியை நிறுத்தி, சக்கரம் ஆடுகிறது, இறங்கிப் பாருங்கள் என்று சொல்லிக் கடிவாளத்தைக் கேட்டான். அவன் முகத்தில் கொள்ளைக்கூட்டத்தின் சூட்டுத் தழும்பு, இத்தனை பெரிதாக. கைக்கெட்டும் தூரத்தில் நின்றான், முகட்டாருக்குத் தெரியவில்லை. மழைச் சத்தத்தில் குகைமாந்தருக்கு எதுவும் கேட்கவில்லை. வைத்தியர் தூக்கம். மச்சான் கடிவாளத்தைக் கொடுத்துவிட்டு இறங்கினார். வண்டி போயே போய்விட்டது, உள்ளே இருந்த குகைமாந்தரோடும் தூங்கும் வைத்தியரோடும்.

மேசையில் ஓங்கி ஒரு அடி. தட்டிலிருந்த பகடையெல்லாம் குதித்தது.

"உன்னாலதாண்டா மாப்ளே! கிட்டத்துப் பார்வைய ஏண்டா எடுத்த?"

"நீங்க கேட்டதுதானே மச்சான்!"

"நான் கேட்டா உடனே குடுத்துடுவியா? அன்னைக்கு ஒரே ஒரு டிக் கேட்டேன், மலை மாதிரி நின்ன. இன்னைக்குக் கண்ணையே எடுன்னேன், எடுத்துக் கையில குடுத்துட்ட!"

இவள் கை என் முழங்கையைப் பிடித்தது. மச்சான் என் முகத்தை நேராகப் பார்த்தார். அந்தக் குழாயின் நடுவில் நான் முழுசாக இருந்தேன். அப்புறம் அவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நாங்களும் சேர்ந்துகொண்டோம், எனக்கு அது சிரிப்புதானா என்று தெரியவில்லை.

பஸ் நிறுத்தம் வரை கூட நடந்தேன். வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார், சாவடிக்காரனை எழுதியதற்கு, மழையைப் பெய்ய விட்டதற்கு, பின்பக்கப் பார்வைக்கு மூன்று புள்ளி வைத்ததற்கு. ஐந்து மாதத் திட்டு பாக்கி இருந்தது. தெருவைக் கடக்கும்போது என் தோளில் கை போட்டுக்கொண்டார், அந்தப் பக்கம் போன பிறகும் எடுக்கவில்லை.